குருத்தில் நின்ற தண்ணீர்

அந்த ஆர்க்கிட் செத்துப்போனால் ராணி இந்த வீட்டில் இருந்தாள் என்பதற்கு ஒரு அடையாளமும் மிஞ்சாது. பெலிசியாவுக்கு அதுதான் பயம். மகள் ஆரோக்கிய ராணி அப்பா பேச்சை மீறி வேற்று மதத்து வினோத்குமாரைக் கட்டிக்கொண்டு சிதம்பரம் போன கையோடு, அவள் துணிமணி, புத்தகம், போட்டோ எல்லாவற்றையும் அவள் அப்பா ஞானப்பிரகாசம் மூட்டை கட்டி அனுப்பிவிட்டார். ராணி மாமரத்தில் கட்டித் தொங்கவிட்ட இந்தச் செடி மட்டும்தான் தப்பியது. அதன்பிறகு மனுஷர் மகள் பெயரை வாயால் சொன்னதில்லை. பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம்!

ராணியும் லேசுப்பட்டவள் இல்லை. போன் செய்தால் அப்பாவைப் பற்றிக் கேட்கமாட்டாள். "செடி எப்படிம்மா இருக்கு?" என்றுதான் ஆரம்பிப்பாள்.

2010 ஐப்பசி மழை கடலூரை ஊறப்போட்டுவிட்டது. ஒரு காலையில் பெலிசியா செடியின் குருத்தைத் தொட்டாள், கையோடு வந்துவிட்டது. அடியெல்லாம் கருத்து, கொழகொழவென்று ஒரே நாற்றம். கிணற்றடியில் உட்கார்ந்து அழுது தீர்த்தாள். அப்புறம், பரங்கிப்பேட்டையில் ஒரு சாவு என்று புருஷனிடம் பொய் சொல்லிவிட்டு சிதம்பரம் பஸ் ஏறினாள்.

தோட்டக்கலை படித்த ராணி கேட்டதுமே சொல்லிவிட்டாள்.

"பூஞ்சை அழுகல்ம்மா. பிளேட நெருப்புல காட்டி, பச்சை தெரியற வரைக்கும் வெட்டு. வெட்டுன எடத்துல, கறிக்குப் போடுற பட்டையத் தூளாக்கி வையி. மழை படாம, காத்து வர்ற எடமா பாத்து மாட்டு. காலையில வேருக்கு மட்டும் தண்ணி. குருத்துல ஈரம் தங்குச்சோ, போச்சு!"

சொன்னது சொன்னபடி செய்தாள். கொல்லைத் தாழ்வாரத்தில் மாட்டினாள். கார்த்திகையில், தலைபோன தண்டின் அடியிலிருந்து பக்கக் குருத்து ஒன்று எட்டிப் பார்த்தது. "சேசுவே!" என்று நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள்.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. புதுக் குருத்திலும் பழுப்புப் புள்ளி விழுந்தது. மழையே இல்லாத நாளிலும் விடிந்து பார்த்தால் இலையிடுக்கில் தண்ணீர் நின்றது. அவள் ஊற்றவில்லை. வீட்டில் இருப்பதோ அவளும் அவரும்தான்.

"செடிய நீங்க தொட்டீங்களா?"

"எனக்கு வேற வேல இல்ல பாரு! செத்தா தூக்கிப் போடு," என்றார் பேப்பரிலிருந்து தலை நிமிராமல்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகளைத் தலைமுழுகியது போதாதென்று செடியையும் சாகடிக்கப் பார்க்கிறாரா?

அன்று சாயங்காலம் செபமாலை சொல்லி முடித்ததும், கோயிலுக்குப் போவதாகச் சொல்லி வாசல் வழியே இறங்கினாள். பக்கத்துச் சந்து வழியே சுற்றிவந்து கொல்லைப்படல் ஓரம் நின்றாள். வரக்கூடாதே, அவராக இருக்கக்கூடாதே என்று வேண்டிக்கொண்டாள்.

வந்தார். துண்டுக்குள் எதையோ மறைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குருத்தின் மேல் சாய்த்தார்.

"அட பாவி மனுஷா!" பாய்ந்து கையைப் பிடித்தாள். "பெத்த பொண்ணத்தான் தொலைச்ச, இதயுமா கொல்லுற?"

கையிலிருந்தது தரையில் விழுந்து உருண்டது. மாதா உருவத்தில் செய்த, நீல மூடி போட்ட பாட்டில். வேளாங்கண்ணித் தீர்த்தம். ஆபரேஷனுக்குப் போனபோதுகூட அவர் தன் நெற்றியில் ஒரு சொட்டுக்கு மேல் தொட்டுவைக்காத தீர்த்தம்.

"நீ கிணத்தடியில அழுதத பாத்தேன்," என்றார். "பொழைக்கட்டும்னுதான் தெனம் ஊத்துறேன், பெலிசி."

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "குருத்துல தண்ணி நின்னாதாங்க அழுகும். ஒங்க பொண்ணு படிச்சுப் படிச்சுச் சொன்னா."

"எப்ப சொன்னா?"

"பரங்கிப்பேட்டையில யாரும் சாவலீங்க."

அவர் திட்டவில்லை. துண்டின் நுனியைத் திரித்து, குருத்துத் தண்ணீரை ஒற்றி எடுத்தார். துணி பழுப்பானது.

"இனி பொழைக்குமா?"

"என்னக் கேட்டா?" பெலிசியா நம்பரை அழுத்தி, போனை அவர் காதில் வைத்தாள்.

"செடி எப்படிம்மா இருக்கு?" என்றது போன்.

"ராணி... அப்பா பேசுறேன். நான்தாம்மா ஊத்திக் கெடுத்துட்டேன். என்ன செய்யணும்னு சொல்லு."

அந்தப் பக்கமிருந்து விசும்பலுக்கு நடுவே குரல் வந்தது.

"மொதல்ல பிளேட நெருப்புல காட்டுங்கப்பா."