வேலை கேட்கும் வகுப்பு

மேற்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவில் யார் வீட்டு வாசலில் என்ன பலகை தொங்கினாலும் அன்று சாயங்காலத்துக்குள் எல்லோரும் அதைப் படித்துவிடுவோம். ஹில்டா வீட்டுப் பலகையை மட்டும் இரண்டு தடவை படிக்க வேண்டியிருந்தது. ‘வேலை கேட்கக் கற்றுத் தரப்படும். சனிக்கிழமை மாலை நான்கு மணி.’

வேலை செய்யக் கற்றுத் தருவார்கள், தெரியும். டைப்பிங் உண்டு, ஷார்ட்ஹேண்ட் உண்டு, ரேடியோ ரிப்பேர்கூட உண்டு. வேலை கேட்பதற்கு எதற்கு ஒரு வகுப்பு?

“கை நீட்டத் தெரியாதவன் எவன் இருக்கான்?” என்றாள் தெருக்கோடி வீட்டு சுந்தரவல்லி. “அதுவும் இவளே வேலை இல்லாம உட்கார்ந்திருக்கா.”

அது உண்மைதான். ஹில்டாவுக்கு முப்பத்தைந்து வயது. கல்யாணம் ஏன் ஆகவில்லை என்பதற்கு எங்களிடம் மூன்று காரணங்கள் இருக்கின்றன, அது இன்னொரு நாளைக்கு. பாரிமுனையில் ஒரு கம்பெனியில் பன்னிரண்டு வருடம் ஸ்டெனோவாக இருந்தாள். போன வருடம், எழுபத்தொன்றில், கம்பெனி பம்பாய்க்குப் போயிற்று. நீயும் வா என்றார்கள். மாட்டேன் என்று விட்டுவிட்டு வந்துவிட்டாள். அந்தப் பன்னிரண்டு வருடமும் ஆள் எடுக்க இன்டர்வியூ நடக்கும்போதெல்லாம் மூலையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவள். வந்தவன் கதவைச் சாத்திக்கொண்டு போன பிறகு உள்ளே இருந்தவர்கள் என்ன சொல்லிச் சிரித்தார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அதைத்தான் இப்போது பாடமாக நடத்துகிறாள்.

எங்கள் பக்கத்தில் வேலை கிடைக்கிற வழி வேறு. ஞானையா வாத்தியார் லெட்டர் கொடுப்பார். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், கிறிஸ்தவக் கோவில் கமிட்டி செயலாளர், கோவில் பள்ளிக்கூடமும் அவர் பொறுப்பில்தான். எஸ்.எஸ்.எல்.சி. முடித்த எந்தப் பையனும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு அவர் வீட்டு வராந்தாவில் போய் நிற்பான். நாலைந்து நடை நடக்க விட்ட பிறகு லெட்டர் வரும். ‘இதைக் கொண்டுவரும் வாலிபன் ஏழைக் குடும்பத்தைச் சேர்ந்தவன், தாழ்மையுள்ளவன், சொன்னதைத் தட்டாமல் செய்வான்.’ பெயர் மட்டும்தான் மாறும். ஒரே வாரத்தில் ஒரே கம்பெனிக்கு ஏழு தாழ்மையுள்ள வாலிபர்கள் போய் நின்றதும் உண்டு.

அந்த ஏழில் ஒருவன் தயாளன். எங்கள் ரத்தினபாய் டீச்சரின் ஒரே மகன். ரத்தினபாய் விதவை, வேலை பார்ப்பது அதே கோவில் பள்ளிக்கூடத்தில். பையன் பல்லாவரத்தில் ஒரு சிமென்ட் கிடங்கில் இரண்டு வருடம் தற்காலிகமாக இருந்தான். கிடங்கை மூடிவிட்டார்கள். அதன் பிறகு பதினைந்து மாதமாக வேலைவாய்ப்பு அலுவலக அட்டையைப் புதுப்பிப்பதுதான் அவனுக்கு வேலை.

குரோம்பேட்டையில் ஒரு பம்பு செட்டு கம்பெனியில் ஸ்டோர் பார்க்க ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். ஞானையாவின் லெட்டரோடு போனான். அங்கே மேனேஜர் சுந்தரராமன், “இதுவரைக்கும் நீ என்ன சாதிச்சிருக்கே, சொல்லு” என்று கேட்டிருக்கிறார்.

தயாளன் சின்ன வயதிலிருந்து கோவிலில் எழுந்து நின்று, தேவன் தனக்குச் செய்ததைச் சாட்சியாகச் சொல்லிப் பழகியவன். அங்கே எப்படி ஆரம்பிப்பார்களோ அப்படியே ஆரம்பித்துவிட்டான். “சார், நான் ஒன்றுக்கும் உதவாதவன். எல்லாம் தேவனுடைய கிருபை.”

மேனேஜர் பேனாவை மூடினாராம். “அப்போ அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை அவருக்கே அனுப்பிடட்டுமா?”

இதை அந்தக் கம்பெனி டைப்பிஸ்ட் அன்று சாயங்கால ரயிலில் சொல்ல, மறுநாள் காலையில் எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தது. சிரித்து முடிப்பதற்குள் பையன் ஹில்டா வீட்டில் போய்ச் சேர்ந்துவிட்டான்.

வகுப்பில் அப்போது பதினோரு பேர். கூடத்தில் ஒரு மேஜை, பின்னால் ஹில்டா, எதிரே ஒரு நாற்காலி. ஒவ்வொருவராக வெளியே போய்க் கதவைத் தட்டி உள்ளே வரவேண்டும். ஜன்னல் திறந்தே இருந்ததால் எங்களுக்கும் பாடம் நடந்தது.

“உட்காருங்க. சிமென்ட் கிடங்குல என்ன வேலை பார்த்தீங்க?”

“சும்மா, மூட்டைங்களைப் பார்த்துக்கிட்டிருந்தேன் அக்கா.”

“பார்க்கலேன்னா மூட்டை ஓடிடுமா? அப்புறம், இங்க நான் அக்கா இல்ல. சார்.”

“சார், மூட்டை இறுகிப் போய்க் கெடுறது குறைஞ்சுது சார்.”

“எப்படி?”

“முதல்ல வந்த மூட்டை முதல்ல வெளியே போற மாதிரி அடுக்குனதுல.”

“யாரு அடுக்குனது? மூட்டைங்களே எழுந்து வரிசையில நின்னுக்கிச்சா?”

உள்ளே பத்துப் பேர் சிரித்தார்கள். ஜன்னலுக்கு வெளியே எத்தனை பேர் என்று சொல்வதற்கில்லை.

“நான் அடுக்கினேன்” என்றான்.

“காதுல விழல.”

“நான் அடுக்கினேன்!”

“யார் சொல்லி?”

“யாரும் சொல்லல. நானே யோசிச்சேன். நூத்துக்குப் பதினைஞ்சு மூட்டை கெட்டுக்கிட்டிருந்தது, ரெண்டு மூணா ஆயிடுச்சு.” சொல்லி முடித்ததும் திருட்டை ஒப்புக்கொண்டவன் மாதிரி தலைகுனிந்துகொண்டான்.

“இதை ஏன்டா அந்த மேனேஜர்கிட்ட சொல்லல?”

“பெருமை பேசக் கூடாதுன்னு...”

“நடக்காததைச் சொன்னா பொய். நடந்ததை மறைச்சா அதுவும் பொய்தான். போ, வெளியே போய்த் திரும்பக் கதவைத் தட்டு.”

அன்று அவன் ஒன்பது தடவை கதவைத் தட்டினான். ஒன்பதாவது தடவை குரல் பிள்ளையார் கோவில் மூலை வரை கேட்டது.

இப்படி ஒரு வகுப்பு நடப்பது ஞானையாவுக்கு யார் மூலமாகவோ தெரிந்துவிட்டது. யார் மூலமாக என்று என்னைக் கேட்க வேண்டாம். தெருவில் பேசுகிற பேச்சு ஒருவர் காதோடு நிற்குமா? அடுத்த சனிக்கிழமை குடையை ஊன்றிக்கொண்டு நேராக வகுப்புக்கே வந்தார். பையன்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஹில்டாவும் எழுந்தாள், நாற்காலி போட்டாள். அவர் உட்காரவில்லை.

“ஹில்டா, நீ நல்ல குடும்பத்துப் பொண்ணு. பிள்ளைகளுக்கு என்னம்மா கத்துக் கொடுக்கிறே? நான், நான், நான்னு சொல்றதுக்கா? நாப்பது வருஷமா நான் தாழ்மையைப் போதிச்சேன். நாலு வாரத்துல நீ கெடுத்துட்டே.”

“ஐயா, உங்க வீட்டுக் கேட்டுல பித்தளைப் பலகை ஒண்ணு இருக்கே” என்றாள் ஹில்டா. “ஞானையா, பி.ஏ., எல்.டி., ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர்னு. அதைத் தாழ்மையோட எடுத்திட்டீங்கன்னா நானும் வகுப்பை நிறுத்திடறேன்.”

பலகையை வாராவாரம் புளி போட்டுத் தேய்க்கிறார்கள் என்பது எங்களுக்கெல்லாம் தெரியும்.

“நான் உழைச்சுப் படிச்ச படிப்பும்மா அது!”

“இவங்களும் உழைச்சதைத்தான் சொல்றாங்க ஐயா.”

ஞானையா பையன்கள் பக்கம் திரும்பினார். “இந்த வீட்டுப் படி ஏறுகிறவன் எவனுக்கும் இனிமேல் என் லெட்டர் கிடையாது.” அவ்வளவுதான். குடை போய்விட்டது.

மறு சனிக்கிழமை நான்கு மணிக்கு ஹில்டா வீட்டு வாசலில் ஒரே ஒரு ஜோடி செருப்பு. தயாளனுடையது.

அன்றைக்கு ரத்தினபாய் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. ஒப்பாரி மட்டும் இருந்தது. “அவர் முகத்தைப் பார்த்து திங்கக்கிழமை நான் எப்படிடா பள்ளிக்கூடத்துக்குப் போறது? உனக்காகத்தானே அவர் காலைப் பிடிக்காத குறையா நின்னேன்?” இது சுவரைத் தாண்டி வந்த பகுதி. மிச்சத்தை ரத்தினபாயே குழாயடியில் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் குமாஸ்தா இடம் ஒன்று காலியாகிறது, அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் தயாளன் கமிட்டி முன்னால் வந்து, நான் செய்தது தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இடம் அவனுக்குத்தான் என்று ஞானையா சொல்லி அனுப்பியிருக்கிறார். சாகும்வரை உட்கார்ந்து சாப்பிடலாம்.

“ஒரு வார்த்தைதானே, சொல்லிட்டா நாக்கு தேஞ்சா போகும்?” என்றோம் நாங்கள். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தோம்.

தயாளன் ஹில்டாவிடம் போய்ச் சொன்னான். அவள் அவனைப் போகாதே என்று சொல்லவில்லை. “உனக்கு ஒரு வாரம் இருக்கு. கூப்பிட்டாத்தான் போகணும்னு யார் சொன்னா? ஜி.எஸ்.டி. ரோடு முழுக்க கம்பெனி கேட்டுதானே இருக்கு? தட்டு. ஒண்ணும் ஆகலேன்னா ஞாயித்துக்கிழமை போய் மன்னிப்பு கேளு. நான் உன்னை ஒரு சொல் சொல்ல மாட்டேன்.”

திங்கட்கிழமை காலை சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு சைக்கிளில் கிளம்பினான். கூப்பிடாத இடத்துக்கு இப்படி அலங்காரம் பண்ணிக்கொண்டு போகிறவனை அதுவரை நாங்கள் பார்த்ததில்லை. கல்யாண வீட்டுக்குப் பத்திரிகை இல்லாமல் போகிறான் என்றாள் சுந்தரவல்லி.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளில் ஏழு கேட்டு. ஐந்தில் வாட்ச்மேனே திருப்பி அனுப்பிவிட்டான். ஒரு இடத்தில், “லெட்டர் இருக்குதா?” என்று கேட்டிருக்கிறான்.

“லெட்டர் இல்ல. நான் இருக்கேன்” என்று இவன் சொல்லியிருக்கிறான். கேட்டு மூடிக்கொண்டது.

சாயங்காலம் ஹில்டா கேட்பாள். “இன்னிக்கு எத்தனை பேர் இல்லைன்னாங்க?”

“நாலு.”

“நாளைக்கு ஆறாக்கு.”

என்ன வகுப்பு இது என்று நாங்கள் தலையில் அடித்துக்கொண்டோம். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். புதன்கிழமையிலிருந்து பையன் நடையே மாறிவிட்டது. முன்பெல்லாம் எங்களைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவான். இப்போது மணி அடித்துக்கொண்டு போனான். வெள்ளிக்கிழமை இருட்டும்போது கணக்கு இருபத்திரண்டு ‘இல்லை’. ரத்தினபாய் ஞாயிற்றுக்கிழமைக்கு அவனுடைய வெள்ளை வேட்டியைத் துவைத்துக் காயப்போட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் பம்மல் பக்கம் போயிருக்கிறான். அங்கே ஹாஜா மைதீன் பாயின் தோல் மண்டி. ஆட்டுத் தோலை உப்புப் போட்டு அடுக்கி வைத்திருப்பார்கள். அந்த வாடைக்குப் பழகிப்போன பக்கத்துப் பொழிச்சலூர்க்காரர்களே மூக்கைப் பொத்திக்கொண்டு போவார்கள். அங்கே வாட்ச்மேன் கிடையாது. கல்லாவில் முதலாளியே உட்கார்ந்திருந்தார்.

“இன்னா வோணும்?”

“வேலை வேணும் பாய். ஸ்டோர் பார்ப்பேன்.”

“யார் அனுப்புனா?”

“யாரும் அனுப்பல.”

“ஆள் வோணும்னு நான் யாராண்டையும் சொல்லலியே.”

“சொல்லல. ஆனா உங்க மண்டிக்கு ஆள் வேணும்.”

ஹாஜா மைதீன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து இவனை மேலும் கீழும் பார்த்தாராம். “அப்டியா? நேரா உள்ளே போ. இன்னா தப்பு கீதுன்னு பாத்துட்டு வந்து சொல்லு. சும்மா கதை வுட்டே, உப்புத் தொட்டியில தூக்கிப் போட்டுடுவேன்.”

பையன் போனான். கால் மணி நேரம் கழித்துக் கண்ணெல்லாம் சிவந்து வெளியே வந்தான்.

“புதுச் சரக்கைப் பழசு மேலயே போடுறீங்க. எடுக்கும்போதும் மேலேர்ந்தே எடுக்குறீங்க. அடியில இருக்குற தோல் வெளியே வர்றதே இல்ல. கிழக்குச் சுவரோரம் அடி வரிசையைப் பிரிச்சுப் பாருங்க, முடி கழண்டு வருது. அழுகிடுச்சு.”

“இத்தினி வருசமா நான் தொழில் பண்றேன், நீ எனக்குச் சொல்றியா?”

இந்த இடத்தில் எங்கள் பழைய தயாளனாக இருந்தால் மன்னிச்சிடுங்க என்று கும்பிட்டுவிட்டு வந்திருப்பான்.

“ஆமா பாய், சொல்றேன். சிமென்ட்ல நான் இதைச் சரி பண்ணியிருக்கேன். நூத்துக்குப் பதினைஞ்சு கெட்டதை மூணாக்குனேன். நான்தான் பண்ணேன். இங்கயும் பண்ணுவேன்.”

அவர் உள்ளே போய் கிழக்குச் சுவரோரத்து அடுக்கைத் தானே இழுத்துத் தள்ளினார். அடியிலிருந்து ஒரு தோலை எடுத்தார். முடி கொத்தாகக் கையோடு வந்தது. கூலியாட்களை அவர் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

“திமிர் புட்ச்ச பையன்டா நீ” என்றார் வெளியே வந்து. “நாளைக்குக் காலீல ஏழு மணிக்கு வா.”

“நாளைக்கு ஞாயித்துக்கிழமை பாய்.”

“எங்களுக்கு வெள்ளிக்கிழமைதான்பா லீவு. வர்றியா, வரலியா?”

வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை கோவிலில் உட்கார இடம் இல்லை. பண்டிகைக்குக்கூட அவ்வளவு கூட்டம் வந்ததில்லை. பையன் மன்னிப்பு கேட்பதைப் பார்க்க வேண்டும் அல்லவா? கோவில் பக்கமே வராத சுந்தரவல்லி வாசல் வேப்பமரத்தடி வரை வந்து, யாருக்கோ காத்திருப்பவள் மாதிரி நின்றாள். ஆராதனை முடிந்தது. யாரும் கலையவில்லை. கமிட்டி ஐந்து பேரும் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். ரத்தினபாய் பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் தனியாக இருந்தாள்.

“ரத்தினபாய், உன் மகன் எங்கம்மா?” என்றார் ஞானையா.

அவள் எழுந்து நின்றாள். “வேலைக்குப் போயிருக்கான் ஐயா.”

“ஓய்வுநாள்லயா?”

“அங்க வெள்ளிக்கிழமை ஓய்வு.”

கோவில் முழுக்க ஒரு முணுமுணுப்பு ஓடியது. ஞானையா கையைத் தூக்கி அடக்கினார். “எந்த இடம்? யார் சிபாரிசு?”

“பம்மல்ல தோல் மண்டி ஐயா. சிபாரிசு யாரும் இல்ல. அவனே போய்க் கேட்டான், கொடுத்தாங்க.”

“தோல் மண்டியா! டீச்சர் மகன் தோல் மண்டியிலயா? இங்கே மேஜை நாற்காலி போட்டு வேலை வெச்சிருக்கேன், அங்கே போய் அந்த நாத்தத்துல...” அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. “இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. சாயங்காலம் கூட்டிட்டு வா. ஒரு வார்த்தை சொல்லட்டும். உன் வேலையையும் நான் நினைச்சுப் பார்க்கணும் இல்லையா?”

அந்தக் கடைசி வாக்கியத்தின் அர்த்தம் பச்சைப் பிள்ளைக்கும் புரியும். ரத்தினபாய் உட்கார்ந்துவிடுவாள் என்றுதான் நாங்கள் எல்லோரும் எதிர்பார்த்தோம். பத்தொன்பது வருடமாக அவர் ஒரு சொல் சொன்னால் அடங்கி உட்கார்ந்தே பழகியவள்.

“நல்லா நினைச்சுப் பாருங்க ஐயா” என்றாள் ரத்தினபாய். “ஒண்ணாம் வகுப்புல வருஷத்துக்கு அறுபது பிள்ளைங்க. பத்தொன்பது வருஷமா அத்தனை பேரையும் எழுத்துக் கூட்டிப் படிக்க வெச்சு அனுப்பியிருக்கேன். நான்தான் அனுப்பியிருக்கேன். இந்தக் கமிட்டியிலயே ரெண்டு பேர் வீட்டுப் பிள்ளைங்க என்கிட்ட படிச்சதுதான்.”

கமிட்டியில் இரண்டு பேர் தரையைப் பார்த்தார்கள்.

“நாத்தம்னீங்களே, ஆமா ஐயா, நாத்தம்தான். குளிச்சா போயிடும்.”

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள். மணி பதினொன்றரை. பம்மலுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போக வேண்டும், பஸ் பிடிக்க வேண்டும் என்று வேப்பமரத்தடியில் நின்ற சுந்தரவல்லியிடம் சொல்லிவிட்டுப் போனாளாம்.