பாட்டில்லாமல் உள்ளே வருவது

எங்கள் அப்பா மொக்கையன் வருஷத்தில் ஒரு நாள் ராஜா. மற்ற நாட்களில் பீர்மேட்டுத் தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கிற அறையில் வேலை. மாரியம்மன் திருவிழா நாடகத்தில் ராஜபார்ட் அவருக்குத்தான் என்பதை எஸ்டேட்டில் யாரும் கூடிப் பேச வேண்டியதே இல்லை.

போன சித்திரையில் அவர் தொண்டை உடைந்தது. கிரீடம் வைத்துக்கொண்டு, திரைக்குப் பின்னாலிருந்து தன் நாடு இன்னது, பேர் இன்னது என்று பாடியபடி வந்தவர், குரல் மேலே ஏறி நிற்க வேண்டிய இடத்தில் கீச்சென்று ஒரு சத்தத்தோடு நின்றுபோனார். நெஞ்சில் அவ்வளவு தூள் சேர்ந்திருந்தது. கூட்டத்தில் ஒருவன் சேவல் மாதிரி கூவினான். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு அப்பா ஆள் கூடும் இடத்துக்குப் போகவில்லை. டீக்கடைப் பக்கம் தலைகாட்டுவதில்லை. வேலை விட்டால் வீடு, வீட்டில் சுவரைப் பார்த்துப் படுக்கை. “ஊருக்கே போயிரலாம் வேலு. இவிங்க மூஞ்சில முழிக்க முடியல” என்று ஒருநாள் அம்மாவிடம் சொன்னார். ஊர் என்றால் கம்பத்துக்குப் பக்கம். அங்கே எங்களுக்கு வீடும் இல்லை, நிலமும் இல்லை. அம்மாவுக்குப் பயம் பிடித்தது அன்றைக்குத்தான்.

ஐப்பசி மழையில் ஒருநாள் எஸ்டேட் ஆபீஸ் கிளார்க் ஞானஜோதி குடையோடு, ஒட்டி ஒட்டி வரிசையாக வீடுகள் உள்ள எங்கள் லயத்துக்கு வந்தார். நாகர்கோவில்காரர். சின்னதாக ஒரு வாயனசாலை, அதாவது நூலகம், நடத்திவந்தார். ஐரோப்பிய நாடகங்களை மலையாளத்தில் படித்துவிட்டு அதே நினைப்பாக இருந்தவர். வாயனசாலை ஆண்டுவிழாவுக்கு அவரே ஒரு நாடகம் எழுதியிருந்தார்.

“அண்ணாச்சி, இதுல ராஜா கிடையாது. பாட்டும் கிடையாது. ஒங்க தொண்டைக்கு வேலையே இல்ல.”

“அப்ப எனக்கு என்ன வேலை?”

“வேல முடிஞ்சு வீட்டுக்கு வாறிய. உக்காருதிய. கஞ்சி குடிக்கிய.”

“அதத்தான் தெனமும் செய்யிறேன். அதுக்கு எதுக்கு மேடை?”

ஞானஜோதி பாயில் உட்கார்ந்துகொண்டார். “ஐரோப்பாவுலயும் முன்ன நம்மள மாதிரிதான் அண்ணாச்சி. ராஜா, ராணி, வாள்சண்டை, பேச்செல்லாம் கவிதை. எழுவது எம்பது வருசத்துக்கு முன்னால வடக்க பனி பெய்யுத நாட்டுல ஒருத்தர், பொறவு ரஷ்யாவுல ஒருத்தர், இது போதும்னு நெனச்சாவ. ஒரு சாதாரண வீட்ட எடுத்து, பாக்குத ஆளு பக்கத்துச் சுவர மட்டும் கழட்டிட்டாவ. உள்ள உள்ளவன் பேசுதத வெளிய உள்ளவன் கேக்கணும். அம்புட்டுதான்.”

“சுவரக் கழட்டுனா குளிராதா தம்பி?” என்றாள் அம்மா.

“துட்டு குடுத்து அடுத்த வீட்டுச் சண்டையக் கேக்குறானா வெள்ளக்காரன்? நம்ம லயத்துல சும்மாவே கேக்குதே” என்றார் அப்பா.

ஆறு மாசத்தில் அப்பா கேலியாகச் சொன்ன முதல் பேச்சு அது. அம்மா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “இவரு நடிப்பாரு தம்பி, நீங்க எழுதிக்கங்க” என்று சொல்லிவிட்டாள்.

நான் அஞ்சாம் கிளாஸோடு பள்ளிக்கூடம் நின்றவள். ஆனாலும் தட்டாமல் படிப்பேன். அதனால் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுக்கிற வேலை எனக்கு வந்தது. சாக்குத் திரைக்குப் பின்னால் யாருக்கும் என்னைத் தெரியாது என்றார்கள், ஒத்துக்கொண்டேன்.

கதை சின்னது. புருஷன் வேலையிலிருந்து வருகிறான். பெண்டாட்டி கஞ்சி ஊற்றுகிறாள். மகன் சொல்லாமல் மலையிறங்கிப் போய்விட்டதை அவனிடம் சொல்ல வேண்டும். அவன் குடித்து முடிக்கட்டும் என்று பொறுத்திருக்கிறாள். பெண்டாட்டி வேஷம் எங்கள் லயத்துச் சந்தனத்துக்கு. எப்போதும் சேலை கட்டி ஸ்திரீபார்ட் போடுகிற ஆம்பிளை அவர்தான்.

அப்பாவுக்கு வசனம் ஒரு வாரத்தில் வந்துவிட்டது. வராதது ஒன்றுதான். அவரால் உள்ளே வர முடியவில்லை. சாக்கை விலக்கும்போதே நெஞ்சு நிமிர்ந்துவிடும், வலது கை மேலே போகும், தொண்டையிலிருந்து ராகம் கிளம்பிவிடும்.

“யாரு என்னன்னு சொல்லாம எப்படித் தம்பி உள்ள வாரது? நான் யாருன்னு பாக்குறவனுக்கு எப்படித் தெரியும்?”

“ஒங்க வீட்டுக்குள்ள பேரச் சொல்லிட்டா வாறிய?”

“அது என் வீடு.”

“இதும் ஒங்க வீடுதான் அண்ணாச்சி.”

“என் வீட்டுல சந்தனத்துக்கு என்னய்யா சோலி, அதும் சேலையக் கட்டிக்கிட்டு?”

சந்தனம் உலைமூடியால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். ஞானஜோதிக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசி ஒத்திகையிலும் ராகம் வந்துவிட்டது. அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “இந்தத் தடவையும் சிரிச்சாங்கன்னா ஒங்கப்பா இங்க இருக்க மாட்டாரு. நம்ம பொழப்பு போச்சு” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாடகம். தினமும் காலையில் வேலையாட்களைப் பேர் கூப்பிடுகிற கொட்டகையில் மூன்று பக்கம் சாக்கு கட்டி, நடுவில் நிஜமான அடுப்பு வைத்திருந்தார்கள். பானை, அகப்பை எல்லாம் எங்கள் வீட்டினுடையவை. மழையையும் பார்க்காமல் கூட்டம் வந்திருந்தது. சந்தனம் அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தார்.

“நாடகம் எப்ப ஆரம்பிக்கும்?” என்று ஒரு குரல்.

“அடுப்பு பத்தட்டும், ஆரம்பிப்பாக” என்று இன்னொன்று.

அப்பா வீட்டிலிருந்து குறுக்கே தேயிலைக்காட்டு வழியாக வந்து, தலைக் கம்பளியில் நீர் சொட்ட என் பக்கத்தில் நின்றார். அவர் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தேன். பாட்டு அங்கேதான் இருந்தது. அவர் சாக்கை விலக்கிக்கொண்டு உள்ளே போனார்.

“ராசா வந்துட்டாருடோய்! பாட்டு! பாட்டு!” என்று சத்தம் கிளம்பியது. எங்கேயோ சேவலும் கூவியது. அப்பாவின் நெஞ்சு நிமிர்ந்தது. கை மேலே போயிற்று. வாய் திறந்தது.

திறந்த வாயோடு அவர் குனிந்து காலைப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. கட்டைவிரல் பருமனுக்கு ஓர் அட்டை. உயர்ந்த கை இறங்கியது.

“சனியனே” என்றார். யாரிடமும் இல்லை. வீட்டில் பேசுகிற கரகரத்த குரல். அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து வேட்டியை மேலே சுருட்டிக்கொண்டு, “சுண்ணாம்பு எங்க?” என்று சந்தனத்தைக் கேட்டார்.

என் காகிதத்தில் சுண்ணாம்பு இல்லை. சந்தனம் என்னைப் பார்த்தார். நான் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தேன். அதற்குள் கூட்டத்திலிருந்து ஒரு பெண், “புடுங்காதீக அண்ணே, புண்ணாயிரும்!” என்றாள். “உப்பு வையிங்க.” “உப்பு என்னத்துக்கு, பொகையிலைதான் கேக்கும்.” ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். முன்வரிசையிலிருந்த அம்மா மடியிலிருந்து தன் சுண்ணாம்பு டப்பியை எடுத்து மேடையில் விட்டெறிந்தாள்.

சந்தனம் அதை எடுத்து அப்பாவிடம் நீட்டி, “நனைஞ்ச காட்டுக்குள்ள என்னத்துக்கு விழுந்தடிச்சு வாரீக? ரோட்டுல வந்தா ஆகாதா?” என்றார். அச்சாக அம்மா பேசுகிற மாதிரி. கூட்டம் சிரித்தது. அப்பா தலையைத் தூக்கவே இல்லை.

“ரோட்டுல சுத்தி வந்தா பசிக்குமுல்ல” என்றார்.

அட்டை சுருண்டு விழுந்தது. அப்பா அதைக் குச்சியால் அடுப்பில் தள்ளிவிட்டுக் கை கழுவினார். கஞ்சி குடித்தார். அதற்குப் பிறகு யாரும் பாட்டுக் கேட்கவில்லை. நானும் ஒரு சொல்கூட எடுத்துக்கொடுக்கவில்லை. கஞ்சிக் கும்பாவைக் கீழே வைத்ததும் சந்தனம் மகன் போய்விட்டதைச் சொன்னார். அப்பா ஒரு சுள்ளியை அடுப்புக்குள் தள்ளினார்.

“கம்பளி எடுத்துட்டுப் போனானா?”

கடைசிச் சொல்லில் குரல் உடைந்தது. சித்திரையில் உடைந்த மாதிரியேதான். ஒருவரும் கூவவில்லை. பெண்கள் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஞானஜோதி முன்பக்கத் திரையை இறக்கினார்.

யாரும் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவர் முன்னால் போய், “முடிஞ்சிட்டு, எல்லாரும் வீட்டுக்குப் போவலாம்” என்றார்.

“மங்களம் பாடலையே?”

“இதுல மங்களம் கிடையாது.”

“பய திரும்பி வந்தானா இல்லையா?”

“அது எனக்குத் தெரியாது.”

“எழுதுன ஒமக்கே தெரியலன்னா எங்கள எதுக்குய்யா மழையில கூப்பிட்டீரு?”

அப்பா திரையை விலக்கித் தலையை நீட்டி, “லெட்டர் போடுவான், போங்கப்பா” என்றார். அப்புறம்தான் சிரித்துக்கொண்டே எழுந்தார்கள். நாலைந்து பேர் மேடைக்குப் பின்னால் வந்து அவர் காலைக் குனிந்து பார்த்து, ரத்தம் நின்றுவிட்டதா என்று கேட்டார்கள். அப்பா ஒவ்வொருவருக்கும் காலைத் தூக்கிக் காட்டினார்.

வண்டன்மேட்டிலிருந்து வந்திருந்த ஏலத்தோட்டக்காரர்கள் அடுத்த மாசம் அங்கே வந்து போட வேண்டுமென்று ஞானஜோதியைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் தயங்கியபடி அப்பாவிடம் வந்தார்.

“போவலாம்தான் அண்ணாச்சி. ஆனா அங்க அட்டைக்கு என்ன செய்ய?”

“ஏலக்காட்டுல அட்டைக்கா பஞ்சம்?” என்றார் அப்பா. “நீங்க ஜீப்புக்குச் சொல்லுங்க தம்பி.”

என் பக்கத்தில் பானை கழுவிக்கொண்டிருந்த அம்மா, கழுவுவதை விட்டுவிட்டு ஒரு தேயிலைப் பெட்டிமேல் பொத்தென்று உட்கார்ந்தாள். “எம்மாடி” என்றாள். மழை கொட்டிக்கொண்டிருந்தது. மீதிப் பானைகளை நான் கழுவினேன்.