புதன்கிழமை எழுத்து

"ஒரு ஆளு. பக்கத்துல மரம். நடந்து களைச்சுப் போய் மரத்துல சாஞ்சு நிக்கிறாரு. இது என்ன?"

பேச்சுப் பயிற்சி தரும் மினோபே டீச்சர் அட்டையைத் தூக்கிப் பிடித்தாள். அதில் ஒரே ஒரு எழுத்து: 休. சிகெமிட்சு அதை முறைத்துப் பார்த்தார். பக்கவாதத்தில் விழுந்த வலது கை மடியில் கிடந்தது. உதடு இரண்டு முறை கூடிப் பிரிந்தது.

"புதன்" என்றார்.

"இல்லீங்க. யசுமு. ஓய்வெடுக்கிறது. எங்க சொல்லுங்க, யா, சு, மு."

"புதன்!" இந்த முறை கோபமாகவே வந்தது.

நாற்காலியில் தூங்கி வழிந்துகொண்டிருந்த அவர் மனைவி ஃபுசாயெ கண்ணைத் திறந்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கவும் தெம்பு வேண்டுமே.

"அவரு ஒண்ணும் உளறல டீச்சர். எங்க கடைக்கு வார லீவு புதன்கிழமை. ஷட்டர்ல இந்த எழுத்தும் புதனும் பக்கத்துல பக்கத்துல இருக்கும்."

"அப்போ அர்த்தம் பிடிபட்டிருக்கு! வார்த்தைதான் வழி தவறிப் பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கு."

"லீவுன்னு பேருதான் டீச்சர். ஊரே புதன்கிழமை தூங்கும். இவரு என்னை எண்ணெய்ச் சட்டி சுரண்ட வைப்பாரு."

சிகெமிட்சு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். காது நன்றாகவே கேட்டிருக்கிறது.

ஜப்பானின் இமாபாரி ஊர்க் கடைவீதியில் அவர்களுடையது கொரொக்கே கடை. மசித்த உருளைக்கிழங்கை உருட்டி, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்து, சுடச்சுடக் காகிதத்தில் சுற்றிக் கொடுக்க வேண்டும். மழைக்காலத்தில் ஒரு நாள் கிழங்கு மசித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். அன்றிலிருந்து ஃபுசாயெ ஒற்றை ஆளாக விடியுமுன் கிழங்கு வேக வைத்து, மதியம் வரை பொரித்து, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஆஸ்பத்திரி பஸ்ஸைப் பிடித்து, திரும்பி வந்து சாயங்கால வியாபாரத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கிழங்கு மாவை உருட்டி உருட்டி மணிக்கட்டு வீங்கிவிட்டது. சாப்பிட உட்கார்ந்தால் குச்சிகளைத் தூக்கவே அலுப்பாக இருந்தது.

கடையை மூடிவிடுவது என்று அவள் எப்போதோ முடிவு செய்துவிட்டாள். அவரிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. நோயில் விழுந்த பிறகு அவர் நாக்கு கண்டுபிடித்த முதல் சொல் மனைவியின் பெயர் இல்லை, கொரொக்கே! அந்த மனிதரிடம் போய் என்னவென்று சொல்வது? ஒவ்வொரு நாளும் அவர் 'கடை' எழுத்துள்ள அட்டையை எடுத்து வைத்து அவள் முகத்தைப் பார்ப்பார். "நடக்குது, நடக்குது" என்று மென்று முழுங்குவாள். அடுத்த வாரம் அவரை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள்.

ஆரம்பத்தில் அவள் குழந்தைகள் படிக்கும் ஐம்பது எழுத்துப் பலகை வாங்கி வந்தாள். சுலபமான எழுத்து, தொட்டுத் தொட்டுக் காட்டினால் போதும் என்று நினைத்தாள். அவர் அதைத் தூக்கி எறிந்தார். டீச்சர்தான் விளக்கினாள். "அது வெறும் சத்தத்துக்கான எழுத்துங்க. அவருக்குத் தொலைஞ்சது சத்தம்தான். அர்த்தம் உள்ள பத்திரமா இருக்கு. அதனால இந்தப் படம் மாதிரி எழுத்துதான் அவருக்குச் சுலபம்."

இப்போது அதே டீச்சர் அட்டையை அவர் முன் வைத்தாள். "தனியா வந்தா யசுமு. ராத்திரி படுக்கப் போறப்ப சொல்ற ஒயசுமியும் இதேதான். வேற எழுத்தோட சேர்ந்தா சத்தம் மாறி க்யூ ஆயிடும். க்யூஜிட்சுன்னா விடுமுறை நாள். க்யூக்யோன்னா கடையைத் தற்காலிகமா மூடி வைக்கிறது. இருங்க, தண்ணி கொண்டாறேன்." டீச்சர் வெளியே போனாள்.

தற்காலிகமாக. ஃபுசாயெவுக்குத் தூக்கம் கலைந்தது. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். இது பொருந்தும் போலிருந்தது. அட்டைக் குவியலில் 'கடை'யைத் தேடி எடுத்து, ஓய்வு எழுத்தின் பக்கத்தில் வைத்தாள்.

"கொஞ்ச நாளைக்குத்தாங்க. உங்க கை தேறுற வரைக்கும்."

அவர் அட்டைகளைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தை. பிறகு மேஜை மேலிருந்த அவள் கைகளை, முழங்கை வரை எண்ணெய் தெறித்த பழைய வடுக்களையும் புதிய கொப்புளங்களையும், வெகுநேரம் பார்த்தார். இடது கையால் ஓய்வு அட்டையைப் பிடித்து, 'கடை'யிலிருந்து விலக்கித் தள்ளினார்.

அவளால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"என்னால முடியாதுங்க! கடை கடைன்னு உசிரை விடுறீங்களே, என் கையை என்ன இரும்புலயா அடிச்சு வச்சிருக்கு? காலையில எந்திரிக்கிறப்போ ஏன்டா விடிஞ்சுதுன்னு இருக்கு. கொஞ்ச நாளுன்னு சொன்னது பொய். மொத்தமா மூடப் போறேன். கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்குங்க!"

சொல்லி முடித்துவிட்டாள். அவரைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அவர் குவியலைக் கிளறிக்கொண்டிருந்தார். இடது கைக்கு இன்னும் பழக்கம் போதவில்லை. இரண்டு அட்டைகள் தரையில் விழுந்தன. கடைசியில் ஒன்றை இழுத்தார். போன வாரம் கற்றது: வாசற்கதவு, உள்ளே குறுக்குத் தாழ்ப்பாள். மூடுவது என்று அர்த்தம். அதைக் 'கடை'க்குப் பக்கத்தில் வைத்து, கோணல் போகும்படி நேராக்கினார்.

அவருக்குக் கண் கலங்கியிருந்தது. ஆனால் கை நிற்கவில்லை. தள்ளி வைத்த ஓய்வு எழுத்தை மேஜை மேல் நகர்த்தி நகர்த்தி, அவள் விரல் நுனி வரை கொண்டுவந்து விட்டார்.

"புதன்" என்றார்.

"எனக்கா?"

"புதன். புதன். புதன்." வேறு சொல் கிடைக்காமல் தலையை ஆட்டி ஆட்டிச் சொன்னார்.

"சட்டி சுரண்டாத புதனா?"

அவர் வாய் ஒரு பக்கமாகக் கோணிச் சிரித்தது.

நாளைக்குக் கிழங்கு வேக வைக்க வேண்டாம். அந்த நினைப்பு வந்ததும், இத்தனை நாள் எங்கேயோ நிறுத்தி வைத்திருந்த களைப்பெல்லாம் ஒன்றாக இறங்கியது. அழத்தான் நினைத்தாள், அதற்குள் கண் சொருகியது. அட்டையைப் பிடித்தபடியே மேஜையில் தலை சாய்த்தாள்.

டீச்சர் தண்ணீரோடு வந்தபோது ஃபுசாயெ குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். "சரி, இன்னொரு தடவை சொல்லிப் பாக்கலாமா? யா..." என்று டீச்சர் ஆரம்பித்தாள்.

சிகெமிட்சு இடது கை விரலைத் தன் உதட்டில் வைத்தார்.