கையில் ஒட்டிய தைலம்

...கழுவினேன், நிச்சயமாகக் கழுவினேன், குழாயைத் திறந்தது ஞாபகம் இருக்கிறது, தண்ணீர் சில்லென்று விழுந்தது ஞாபகம் இருக்கிறது, ஆனால் அது வீட்டுக் குழாயா, இங்கே வாசலில் இருக்கிற குழாயா... எதுவாக இருந்தால் என்ன, கை மணக்கிறதே. விரலை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் சுள்ளென்று கற்பூர வாசம். கடவுளே, தைலக் கையோடு தொட்டிக்குள் கையை விட்டிருக்கிறேன். தண்ணீர் வெளியேறுகிற வழியில் இருக்கிற சல்லடையில் அழுக்கு அடைத்து விளிம்புவரை ஏறிவிட்டது, இன்னும் கொஞ்சம் விட்டால் குஞ்சுகள் எல்லாம் தண்ணீரோடு வழிந்து தரைக்குப் போயிருக்கும், கையுறையைத் தேட நேரம் ஏது, முழங்கைவரை விட்டுச் சல்லடையைத் தட்டிவிட்டேன். பவளத்தின் குஞ்சுகள், ஒவ்வொன்றும் ரவையில் பாதிகூட இருக்காது. வருஷத்துக்கு ஒரே ஒரு ராத்திரி பவளங்கள் முட்டை விடும், அதை அள்ளிக் கருக்கூட்டி, தொட்டியில் நீந்தவிட்டு, சின்னச் சின்ன ஓடுகளில் ஒட்டவைத்து, கொஞ்சம் வளர்ந்ததும் கடலுக்கடியில் வெளுத்துக் கிடக்கும் பாறைகளில் கொண்டுபோய் நடுவதுதான் எங்கள் பிழைப்பு. சென்ட் கூடாது, பவுடர் கூடாது, கைக்கு க்ரீம் கூடாது, துளி பட்டாலும் குஞ்சுகள் தாங்காது... புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுப்பதே நான்தான். நல்ல லட்சணம்.

பதறாதே, முதலில் பார். பக்கத்துத் தொட்டியிலிருந்து ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் கொஞ்சம் குஞ்சுகளை மொண்டு, ஆட்காட்டி விரலை அதில் நனைத்து எடுத்துவிட்டு, பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்திருக்கிறேன். சுற்றுகின்றன. இளஞ்சிவப்பாக, தனக்குத்தானே பம்பரம் ஆடிக்கொண்டு... சுற்றுங்கள், நிறுத்திவிடாதீர்கள். காலையில் என் வீட்டுக்காரர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தபடி எழுந்திருக்க முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார், நான் கதவோரம் நின்றேன், கேட்கலாமா வேண்டாமா, கேட்டால் வாயைத் திறப்பாரா? ஒரு வருஷமாக எங்கள் வீட்டில் பேச்சு அப்படித்தான். "கேஸ் தீந்துபோச்சு" என்று அவர் சுவரைப் பார்த்துச் சொல்வார், "சாயங்காலம் வந்துடும்" என்று நான் ஃபிரிட்ஜிடம் சொல்வேன். போய்த் தைல பாட்டிலை எடுத்துவந்து சட்டையைத் தூக்கித் தேய்க்க ஆரம்பித்தேன். முதலில் விறைத்தார். பிறகு தோள் தளர்ந்தது. "கொஞ்சம் கீழ" என்றார். "இங்கயா?" என்றேன். "ம்" என்றார். சுவருக்குச் சொல்லவில்லை, எனக்குத்தான் சொன்னார். வண்டி போய்விடும் என்று தெரிந்தும் தேய்த்துக்கொண்டே இருந்தேன், அப்புறம் ஓட்டமாக ஓடிவந்தேன், அந்த ஓட்டத்தில் கழுவினேனா...

அது போன வருஷத்து முதுகுவலி. முட்டை விடுகிற ராத்திரி வெளிச்சமே ஆகாது, சிவப்பு விளக்கு மட்டும்தான், செல்போனை எல்லாம் வெளியே பெட்டியில் பூட்டிவிடுவார்கள். நான் உள்ளே இருட்டில் முட்டைக்காகக் காத்துக்கொண்டிருந்தபோது அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார், லிஃப்ட் வேலை செய்யவில்லை, இவர் எனக்குப் போன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, பெற்ற தாயைத் தனியாளாகத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கியிருக்கிறார். விடிந்து வெளியே வந்து போனைப் பார்த்தால் திரை முழுக்க இவர் பெயர். அத்தை தேறிவிட்டார், இப்போது கொழுந்தன் வீட்டில் இருக்கிறார், தினமும் எனக்குப் போன் போடுவார். "என்னம்மா, உம்மணாமூஞ்சி என்ன பண்றான்?" என்பார். "இருக்காரு அத்தை." "விழுந்தது நானு, கோவம் அவனுக்கு. நல்ல கூத்தா இருக்கே!" கோபமாக இருந்தால்தான் பரவாயில்லையே, திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திரும்பக் கொடுத்திருப்பேன், அத்தோடு போயிருக்கும். இவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்த வருஷமும் அந்த ராத்திரி வந்தது, நானும் கிளம்பினேன், இவர் டி.வி.யிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. அப்படிப் போய்க் கொண்டுவந்த குஞ்சுகள் இவை. அந்த முதுகைத் தொட்ட கையாலேயே இவை செத்தால்... என்ன கொடுமை இது?

ஒன்று நின்றுவிட்டது. இல்லை, திரும்புகிறதோ... இல்லை. இன்னொன்றும் சாய்ந்து மெல்ல அடியில் போய் உட்காருகிறது. கிண்ணத்தை அப்படியே எடுத்துக்கொண்டு மேடத்திடம் போனேன், சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது உண்மைதான், தொட்டியில் இருப்பதை நினைத்ததும் கால் நடந்துவிட்டது. "தைலமா? உனக்கென்ன ஆச்சு?" என்றார் மேடம். "எனக்கில்ல மேடம், வீட்டுக்காரருக்கு. முதுகு பிடிச்சுக்கிச்சு, தேச்சு விட்டேன்." சொல்லும்போதே என் முகம் என்ன செய்ததோ, "எதுக்கு இப்ப சிரிக்கற?" என்றார். அய்யோ, சிரித்தேனா? பம்ப் பார்க்கிற அண்ணன் ஓடிவந்தார், "அவருக்கு வலி போச்சோ இல்லையோ, நம்ம உசுரு போகுது" என்று முனகிக்கொண்டே புதுத் தண்ணீரைத் திறந்துவிட்டார். கையுறை மாட்டிக்கொண்டு, மெல்லிய வலையில் அள்ளி அள்ளிக் குஞ்சுகளை வேறு தொட்டிக்கு மாற்றினோம். பாதிக்கு மேல் சுற்றுகிறது, மீதி அடியில் கிடக்கிறது, எது செத்தது எது மயங்கியது என்று சாயங்காலம்தான் தெரியும். மேடம் திட்டவில்லை. "போய் ஒழுங்கா கையக் கழுவிட்டு வா" என்றார், அவ்வளவுதான், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வெளியே, எங்கள் பையும் போனும் வைக்கிற பெட்டியைத் திறந்தால் போனில் இவர் பெயர். ஒரே ஒரு தடவை அடித்திருக்கிறார். அத்தைக்கு ஏதாவது... திரும்ப அடித்தேன். உடனே எடுத்தார். "தைலம் எங்க வச்ச? வீடு பூரா தேடிட்டேன்" என்றார். "அங்கதான், கட்டில் பக்கத்துல..." என்று சொல்லிக்கொண்டே சோப்பு எடுக்கப் பையில் கையை விட்டேன், வழவழவென்று தட்டுப்பட்டது பாட்டில். "என் பையில இருக்குங்க." "பையிலயா? அத எதுக்கு நீ எடுத்துட்டுப் போன?" என்றார். சோப்புகூட வாசனை இல்லாததாகத் தேடி வாங்குகிறவள் நான், இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து இப்படி ஒரு பாட்டில் என் பைக்குள் ஏறியதில்லை. "மறந்துபோய் போட்டுட்டேன் போல" என்றேன். "சரி, சாயங்காலம் சீக்கிரம் வா" என்று வைத்துவிட்டார். மூடி இறுக்கமாகத்தான் மூடியிருக்கிறது, மறதியில் போட்டவள் இப்படித் திருகி மூடுவாளா, அவசரத்தில் ஓடினவள்... பாட்டில் இல்லையென்றால் அவர் என்னைத்தானே கேட்டாக வேண்டும், சுவரையா கேட்பார்? குழாயைத் திறந்து கையை நீட்டினேன். உள்ளே தொட்டியின் அடியில் அவை கிடக்கின்றன. தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கிறது, எனக்கோ அந்த வாசம் போக விரலைத் தேய்க்க மனம் வரவில்லை.