எல்லைக்கல்லுக்கு மேலே

"உங்க இடத்தை வரைங்க. பொய் மட்டும் வரையாதீங்க" என்று பி.எட். படிக்கும் எங்களிடம் ஸ்வேதா மேடம் சொல்லியிருந்தார். நான் கொடைக்கானல் பஜாரில் இருக்கும் அத்தாவின் சாக்லேட் கடையை வரைந்தேன். அதனால் யாருக்கு என்ன கேடு?

ஜோதிமணி வரைந்தது பெரும்பாறையில் அவள் அப்பாவின் மிளகுத் தோட்டம். அந்த மண்ணையே குழைத்து வண்ணமாகத் தேய்த்திருந்தாள். கொடி ஏறிய மரத்தடியில் முதுகு காட்டி உட்கார்ந்திருப்பவர் அப்பா. சரிவில் அவருக்குக் கீழே வனத்துறையின் எல்லைக்கல், அதன் எண்ணோடு. கூறு கெட்டவள்! கல்லுக்கு மேலே இருப்பது காட்டு நிலம், அங்கே தோட்டம் போடக் கூடாது. போன மழைக்குத்தான் பக்கத்துத் தோட்டத்துக் குருநாதனின் கொடிகளை வெட்டிச் சாய்த்து, அவரையும் வெளியேற்றியிருந்தார்கள்.

எங்கள் படங்களை மாட்டிய கண்காட்சிக்கு வரும் விருந்தினர் வனத்துறையின் புது ரேஞ்சர் என்று அன்று காலையில்தான் தெரிந்தது. ஜோதிமணியிடம் ஓடினேன்.

"ஏடி, படத்தை வெரசா கழட்டு."

"மேடம் விடமாட்டாங்க ஹாஃபிஸா. இதுதான் பெஸ்ட்னு நடுவுல மாட்டியிருக்காங்க."

"நம்பரையாவது அழிச்சுத் தொலை."

விரலை நனைத்துத் தேய்த்தாள். எண் போய்விட்டது, கல் போகவில்லை. அதற்குள் ரேஞ்சர் வந்துவிட்டார். அவருக்குப் பின்னாலேயே, துவைத்த வெள்ளைச் சட்டையில் அவள் அப்பா வேலப்பன். மகள் வரைந்ததைப் பார்க்க வந்திருந்தார்.

"அருமையா இருக்கும்மா. எந்த இடம் இது?" என்றார் ரேஞ்சர்.

"சொல்லு ஜோதிமணி, உனக்கும் அந்த இடத்துக்கும் என்ன உறவு?" என்று மேடம் தூண்டினார். அவரைக் கடித்துக் குதறலாம் போலிருந்தது எனக்கு.

"கற்பனைங்க சார்" என்றாள் ஜோதிமணி. "அப்படி ஒரு இடமே இல்லைங்க."

மேடத்தின் முகம் சுருங்கியது. ரேஞ்சரோ நகரவில்லை. ஈரம் காயாத கல்லைப் பார்த்தார். பிறகு அருகில் நின்ற வேலப்பன் பக்கம் திரும்பினார்.

"ஐயா, மலைக்காரர் மாதிரி தெரியுறீங்க. இந்த இடம் எங்கேன்னு தெரியுதா?"

வேலப்பன் படத்தை நெடுநேரம் பார்த்தார். அந்த மண்ணைத் தொட நீண்ட விரலை மடக்கிக்கொண்டார்.

"யாரு பெத்த புள்ளையோ, நல்லா வரைஞ்சிருக்கு. எடம் நான் பாத்ததில்லைங்க சார்."

ரேஞ்சர் தலையசைத்துவிட்டு என் சாக்லேட் கடைக்கு நகர்ந்தார். வேலப்பன் மகளைத் திரும்பியும் பாராமல் படியிறங்கினார். ஜோதிமணி அவர் பின்னால் ஓட அடியெடுத்து வைத்தாள், உதடு பிரிந்தது. அவள் வாயில் "அப்பா" என்று வந்துவிடக் கூடாதே என்று நான் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.