பாதி கழுவிய குசினி

அஸீஸா சாய்ந்தமருதில் இருந்த தங்கை நதீராவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, அவளுடைய உடலைக் கூடத்தில் கிடத்தி வெள்ளைத் துணியால் போர்த்தியிருந்தார்கள். காலையில் குசினியில் சமைத்துக்கொண்டிருந்தபோது வழுக்கி விழுந்ததில் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் தலை அடிபட்டுவிட்டதாக, நதீராவின் கணவன் றிபாத் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். லுஹர் தொழுகையோடு அடக்கிவிடலாம் என்று யாரோ சொன்னார்கள்.

அஸீஸா தங்கையின் முகத்தைப் பார்த்தாள். பிறகு துணியை விலக்கிக் கைகளைப் பார்த்தாள். இரண்டு மணிக்கட்டிலும் விரல்கள் அழுந்திய நீலம். அவள் அழவில்லை. எழுந்து குசினிக்குப் போனாள்.

அங்கே றிபாத்தின் தங்கை ஹுஸ்னியா தண்ணீரை ஊற்றித் தும்புத்தடியால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பாதித் தரை கழுவியாகிவிட்டது.

அஸீஸா பதினொரு வருடமாக நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். சிங்களத்தில் வரும் பொலிஸ் அறிக்கைகளைத் தமிழாக்குவது அவள் வேலை. இடம் ஏற்கெனவே கழுவப்பட்டிருந்ததால் தடயங்கள் எவையும் கிடைக்கவில்லை என்ற வரியை எத்தனை பேரின் மரணத்துக்கு எழுதியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. எழுதிவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருக்கிறாள். இப்போது அதை நினைக்க உடம்பெல்லாம் எரிந்தது.

"தும்புத்தடிய வெச்சிட்டு வெளிய வாங்க."

"ஆக்கள் வாற ஊடு ராத்தா. ரெத்தத்த இப்பிடியே உடுறதா?"

அஸீஸா வாசற்படியில் நின்றபடியே அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். அங்கிருந்தே பார்த்தாள். தொட்டியின் விளிம்பில் ஒரு பொட்டு இரத்தம் இல்லை. ஆனால் அலுமாரிக்குப் பக்கத்துச் சுவரில், நிற்கும் ஆளின் தோள் உயரத்தில், துளிகள் தெறித்துக் காய்ந்திருந்தன. அவள் கதவைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பொலிஸுக்கு அழைத்தாள்.

றிபாத் ஓடி வந்தான். இது தன்னுடைய வீடு, திற என்றான்.

"இது எங்கட வாப்பா நதீராக்குக் கட்டிக் குடுத்த ஊடு. நீ இதுக்குள்ள வந்து இருந்தவன்."

கலியாணம் முடிந்த பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவனை அவள் நீ என்றாள்.

ஜனாஸா அடக்கத்தைத் தாமதிப்பது பாவம் என்று ஆண்கள் ஏசினார்கள். பொம்பிளைக்கு இவ்வளவு பிடிவாதம் ஆகாது என்று பெண்களும் சொன்னார்கள். அவள் கதவில் முதுகைச் சாய்த்து இரண்டு மணித்தியாலம் நின்றாள்.

ஒருவழியாக ஒரு சப் இன்ஸ்பெக்டர் வந்தார். உள்ளே கால் வைக்க வேண்டாம் என்று அவள் சொல்லச் சொல்ல, சப்பாத்தோடு போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். கூடத்தில் றிபாத்தோடு இருந்து சிங்களத்தில் எதையோ எழுதி, கையொப்பமிடச் சொல்லி அவளிடம் நீட்டினார். அவள் வாசித்தாள். வழுக்கி விழுந்து மரணம். குடும்பத்தினர் எவருக்கும் சந்தேகமில்லை.

"நான் இப்படிச் சொல்லவில்லை," என்று அவள் சிங்களத்திலேயே சொன்னாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். தொட்டியில் இரத்தமில்லை, சுவரில் இருக்கிறது என்றாள். மணிக்கட்டைப் பார்த்தீர்களா என்று கேட்டாள். உள்ளே இருக்கும் சப்பாத்துத் தடம் உங்களுடையது என்பதையும் எழுதுங்கள் என்றாள். இந்த அறிக்கை எந்த நீதிமன்றத்துக்குப் போனாலும் தேடிப் போய் வாசிப்பேன் என்றும் சொன்னாள். அவர் முகம் கறுத்தது. எழுதியதை வெட்டிவிட்டுத் தொலைபேசியை எடுத்தார்.

தடயவியல் பொலிஸார் நாலு மணிக்கு வந்தார்கள். காலுக்கு உறை போட்டு, வாசலில் நாடா கட்டி, சுவரின் ஒவ்வொரு துளிக்கும் பக்கத்தில் இலக்கம் ஒட்டிப் படம் எடுத்தார்கள். அலுமாரிக்கு அடியிலிருந்து இரத்தம் காய்ந்த ஓர் உலக்கையை வெளியே எடுத்தார்கள். கழுவிய பாதியில் ஒரு காலடித் தடமும் எடுக்க முடியவில்லை. யார் கழுவியது என்று அவர்கள் கேட்டபோது, தெரியாமல் செய்துவிட்டேன் என்று ஹுஸ்னியா அழுதாள்.

நீதவானின் உத்தரவில் நதீராவின் மையத்து பிரேத பரிசோதனைக்காக ஆஸ்பத்திரிக்குப் போனது. தலையின் பின்பக்கம் இரண்டு அடி என்றார் சட்ட வைத்திய அதிகாரி. ஒருமுறை விழுந்தால் இரண்டு அடி படாது. மறுநாள் காலை றிபாத்தைக் கைது செய்தார்கள். அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு நதீராவை அடக்கினார்கள்.

மூன்றாம் நாள் பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒருவர் வந்தார். ஹுஸ்னியாவும் பிள்ளைகுட்டிக்காரி, கழுவின விஷயத்தை வாக்குமூலத்தில் சொல்லாமல் விட்டுவிடும்படி கேட்டார்.

"மையத்த முப்பது மணித்தியாலம் அடக்க உடல்ல எண்டு ஊரெல்லாம் என்னக் கதைக்கிது. அத நான் தாங்குவன் காக்கா. இத மறைக்க மாட்டன்."

அவர் தேநீரைத் தொடாமல் எழுந்து போனார். அஸீஸா அபாயாவை மாட்டிக்கொண்டு, வாக்குமூலம் கொடுக்கப் பொலிஸ் நிலையத்துக்குப் புறப்பட்டாள்.