ஷட்டரை இறக்கிய கை

அந்தத் தெருவில் நோண்டி என்று சொன்னால்தான் அவனைத் தெரியும். தொழில் ஷட்டர் ரிப்பேர். எதையும் கழற்றி உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்காவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. அப்படிப்பட்டவனுக்கு ஒரு வாரமாகச் சட்டத்தின் உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்கிற ஆசை வந்திருந்தது.

காரணம் அவன் அக்கா. அவன் பட்டறைக்கு எதிர்வரிசையில் மருந்துக்கடை வைத்திருப்பவள். போன வாரம் மதியம், தெருவே சாப்பிடப் போயிருந்த நேரத்தில், ஒருவன் கத்தியோடு நுழைந்து கல்லாவை வழித்தெடுத்தான். அடுத்த சில நிமிடங்களில் கடையின் மோட்டார் ஷட்டர் மூடிக்கிடந்தது. அக்கா இரும்பு ஸ்டூலைத் தூக்கி அவன் பின்மண்டையில் ஒரே போடு. ஓடிவந்து ஷட்டரை ஏற்றி அக்காவை வெளியே கொண்டுவந்தவன் நோண்டி. "தம்பின்னா இவன்தான் தம்பி" என்று தெரு மெச்சிக்கொண்டது.

திருடன் பிழைத்துக்கொண்டான். பிழைத்ததும் வாயைத் திறந்தான். "வெளியே ஓடத்தான் சார் பாத்தேன். அந்தம்மா ஷட்டரை இறக்கி, மடக்கிப் போட்டு அடிச்சாங்க" என்றான். "பட்டனை அமுத்தினது அவன்தான்" என்றாள் அக்கா. உள்பட்டன் வாசலை ஒட்டிய சுவரில் இருந்ததால் இருவரில் யார் வேண்டுமானாலும் அமுக்கியிருக்கலாம். அடியோ பின்மண்டையில். இன்ஸ்பெக்டருக்கு அக்கா மேல்தான் சந்தேகம். கேஸ் அவள் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.

தெருக்கோடி வக்கீலம்மாவின் ஆபீஸ் ஷட்டர் நல்லவேளையாக மக்கர் செய்தது. நோண்டி மோட்டாரைப் பிரித்துப்போட்டுக்கொண்டே ஆரம்பித்தான்.

"சும்மா தெரிஞ்சுக்கத்தான் மேடம். ஓடற திருடனை அடிச்சா தப்பா?"

"தப்புதான். ஆபத்து இருக்கற வரைக்கும்தான் தற்காப்பு. அவன் முதுகைக் காட்டிட்டா அதுக்கப்புறம் அடிக்கறது பழிவாங்கறது."

"ஆபத்து போயிடுச்சுன்னு அடிக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்?"

வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்தாள். "பரவால்லயே! தெரிஞ்சிருக்கணும்னு அவசியமில்ல. அந்த நேரத்துல அவங்க கண்ணுல பட்டதை வச்சு நியாயமா பயந்தாங்களான்னுதான் பாப்பாங்க. மூடின கடை, கத்தியோட ஒருத்தன். பயப்படாம என்ன செய்வாங்க? ஆனா கடையை மூடினது அவங்க இல்லைன்னு தெரியணுமே."

"வெளியில நின்ன எவனாவது மூடியிருந்தா? உதவி பண்றதா நினைச்சு?"

"கண்ணெதிரே கொள்ளை நடந்தா திருடனை மடக்க யாருக்கும் உரிமை இருக்கு. ஆனா ஒண்ணு கேப்பாங்க. உள்ளே இன்னொரு ஆளும் இருக்காங்கன்னு தெரிஞ்சேவா மூடினான்?"

நோண்டியின் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் நின்றுவிட்டது.

"அப்படி ஒருத்தன் இருந்தா வந்து சொல்லச் சொல்லு. உங்க அக்கா தப்பிச்சுடுவாங்க" என்றாள் வக்கீலம்மா, அவன் முகத்தையே பார்த்தபடி.

மோட்டாரைப் பிரித்தது பிரித்தபடி போட்டுவிட்டு எழுந்தான். நடந்தது அவனுக்குத்தானே தெரியும். அன்றைக்குப் பட்டறை வாசலிலிருந்து பார்த்தபோது, திருடன் பையும் கையுமாக வாசலை நோக்கித் திரும்பியிருந்தான். தன் இடத்தில் வேறு யாராவது இருந்தால் கூச்சல் போட்டிருப்பார்கள். ஷட்டர்காரனுக்குப் புத்தி ஷட்டரில்தானே போகும்? ஓடிப்போய் வெளிச்சுவர்ப் பெட்டியைத் திறந்து இறக்கும் பட்டனை அமுக்கினான். மாட்டினான்டா என்று மனசு துள்ளியதென்னவோ உண்மை.

அக்கா கடையில் மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஷட்டரை இறக்கினது நான்தான்."

"போடா, ஆளைப் பாரு" என்று சிரித்தவள், அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினாள். "அவன் குனிஞ்சு ஷட்டரோட அடிக்கட்டையைப் பிடிச்சிருந்தானே. நல்லா மூடியிருக்கான்னு பாக்கறான்னு நினைச்சேன். அடுத்து எங்கிட்டதான் வரப்போறான்னு..."

"பட்டன் இருக்கறது தெரியாம கையால தூக்கப் பாத்திருக்கான்."

"அப்போ வெளியே போகத்தான் இருந்தானா?"

"ஆமா. காசோட."

"போய்த் தொலையட்டுமேடா!"

நோண்டி கீழே விழுந்திருந்த ஒரு மாத்திரை அட்டையை எடுத்து அடுக்கில் வைத்தான்.

"நான் கத்தினது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"ஏத்தற பட்டன் எங்க இருந்துச்சு?"

"பக்கத்துலதான். அமுத்தினா அவன் ஓடிடுவானேன்னு நினைச்சுட்டேன்கா. நீ கத்தறது காதுல விழுந்துச்சு, மனசுல ஏறல. அடி விழுந்து சத்தம் அடங்கினதும்தான் பயமே வந்துச்சு."

அக்கா அட்டைகளைக் கீழே வைத்தாள். கோபப்பட்டிருந்தால்கூட அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"கத்தியைக் காட்டினப்பகூட நான் அவ்வளவா பயப்படலடா. எதிர்லதான் தம்பி இருக்கான்னு நினைச்சுக்கிட்டேன். உன் பேரைச் சொல்லித்தான் கத்தினேன்."

அதற்குள் யாரோ இருமல் மருந்து கேட்டு வந்தார்கள். அவள் எடுத்துக் கொடுக்கத் திரும்பிக்கொண்டாள்.

நோண்டி நேரே போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தான். அக்காவைக் காப்பாற்ற, ஷட்டரை இறக்கியது நான் என்ற ஒரு வார்த்தையே போதும். இன்ஸ்பெக்டர் உட்காரச் சொன்னார். அவன் நின்றுகொண்டே, அவள் தன் பேரைச் சொல்லிக் கத்தியது கேட்டதையும் சேர்த்துச் சொன்னான்.